ஊசிக் காது கண்ணுக்குத் தெரியவில்லை, நூல் கோர்க்க வழி சொல்லுங்கள்

கைத்தையல்:
வணக்கம். எனக்கு வயது 63. ஓரம் மடித்துத் தைப்பது, ஹூக், பட்டன் வைப்பது எல்லாம் இன்றும் கையால்தான். தைப்பதில் சிரமம் இல்லை, கை பழகிவிட்டது. நூல் கோர்ப்பதுதான் பெரும்பாடு. இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்கிறார் டாக்டர். மேலே தூரத்துக்கு, கீழே கிட்டத்துக்கு என்று ஒரே கண்ணாடியில் இரண்டும் இருக்கிறது. ஊசியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால் காது இருக்கிற இடமே தெரிவதில்லை. தகடு வைத்த மெல்லிய கம்பி வாங்கினேன், கொஞ்ச நாளிலேயே கம்பி கழன்று வந்துவிட்டது. வீட்டில் ஆள் இருந்தால் கோர்த்துக் கொடுப்பார்கள். பகலில் தனியாக இருக்கிறேன், நூல் தீர்ந்தால் வேலை அப்படியே நின்றுபோகிறது. அதற்காக நீளமாக எடுத்தால் சிக்கு விழுகிறது. என்ன செய்யலாம்?

லென்ஸ்:
அம்மா, ஊசியைத் தூக்கிப் பிடிப்பதை முதலில் விடுங்கள். கண் மட்டத்துக்குத் தூக்கினால் கண்ணாடியின் மேல்பாகம் வழியாகத்தான் பார்க்கிறீர்கள். அது தூரப் பார்வைக்கானது, அதில் ஊசி மங்கலாகத்தான் தெரியும். ஊசியை நெஞ்சுக்குக் கீழே இறக்கி, கண்ணை மட்டும் தாழ்த்திப் பாருங்கள்.

இன்னொன்று, படிக்கிற கண்ணாடி பொதுவாக 40 சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் போடப்படும். நூல் கோர்க்கும்போது நாம் 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். 40-க்கு 2.5 பவர் போதும் என்றால் 25-க்கு 4 வேண்டும். அதனால் தையலுக்கென்று தனியாக, கிட்டத்தில் பார்ப்பதற்கான ஒரு கண்ணாடி கேளுங்கள். கண் பரிசோதனைக்குப் போகும்போது கையில் ஊசியும் நூலும் கொண்டுபோய், எவ்வளவு தூரத்தில் பிடிப்பீர்கள் என்று அங்கேயே பிடித்துக் காட்டுங்கள்.

புரை இருக்கிறவர்கள் ஜன்னலைப் பார்த்து உட்காரக் கூடாது. எதிரே வருகிற வெளிச்சம் புரையில் பட்டுச் சிதறி, பார்க்க வேண்டியதை வெளிறடித்துவிடும். வெளிச்சம் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து ஊசியின் மேல் விழட்டும். மடியில் கறுப்பு நூலுக்கு வெள்ளைத் துணி, வெள்ளை நூலுக்குக் கறுப்புத் துணி.

நேர்க்கோடுகள் நெளிந்து தெரிந்தாலோ, ஒரு கண் திடீரென்று மங்கினாலோ அது வேறு விஷயம். அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

நூல்கண்டு:
ஊசியைத் திருப்பிப் பார்த்தீர்களா? காதை ஒரு பக்கமிருந்து குத்தித்தான் துளைப்பார்கள், அதனால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும். நூல் ஏற மறுத்தால் ஊசியை அரைச் சுற்றுத் திருப்பினாலே பல சமயம் போய்விடும். நூலைப் பல்லால் கடிக்காமல் கூர்மையான கத்தரியால் சரிவாக வெட்டுங்கள். நுனியை எச்சில் தொட்டு ஈரமாக்கினால் போதும்.

மெழுகு:
எச்சில் எல்லா நூலுக்கும் ஒத்துவராது. பருத்தி நூல் ஈரம் பட்டால் உப்பும், அப்புறம் சின்னக் காதில் நுழையாது. தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்தால் பிரிகள் ஒட்டிக்கொண்டு நுனி விறைப்பாக நிற்கும். நீள நூலில் சிக்கு விழுவதும் குறையும்.

அந்தத் தகட்டுக் கம்பி தடித்த நூலுக்குத் தாங்காது. கம்பியும் தகடும் சேருகிற இடத்தைப் பிடித்து, பக்கவாட்டில் வளைக்காமல் நேராக இழுத்தால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். ஒரே தகட்டில் வெட்டின கொக்கி மாதிரியும் ஒன்று இருக்கிறது. அது கழலாது, ஆனால் மிக மெல்லிய ஊசியில் நுழையாது. ஊசியையும் மாற்றிப் பாருங்கள். கை ஊசியில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அதே எண்ணில் எம்பிராய்டரி ஊசி எடுத்தால் காது நீளமாக இருக்கும், துணியில் போடுகிற ஓட்டை அதேதான்.

விரல்நுனி:
நான் கண்ணை நம்பித் தைப்பதில்லை. விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிவிட்டதால் நேரே பார்க்கிற எதுவும் எனக்குத் தெரியாது, ஓரப் பார்வைதான். அப்படியும் தினமும் தைக்கிறேன் அக்கா, அதனால் மனம் தளர வேண்டாம்.

தலையில் பிளவு வைத்த ஊசி என்று கேட்டு வாங்குங்கள். ஊசியின் தலை மொட்டையாக இல்லாமல் கவட்டை போல் பிரிந்திருக்கும். பின்குஷனில் செங்குத்தாகக் குத்தி நிறுத்திவிட்டு, நகத்தால் தலையைத் தடவினால் பிளவு எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியும். நூலை இரண்டு கைக்கும் நடுவில் விறைப்பாகப் பிடித்து, அந்தத் தலையில் படுக்க வைத்து மெல்ல நகர்த்துங்கள். பிளவில் விழுந்ததும் நூல் நகராமல் நிற்கும். அப்போது இரண்டு பக்கமும் கீழே அழுத்தினால் டிக் என்று ஒரு அதிர்வு விரலில் தெரியும். நூல் காதுக்குள் போயாயிற்று. பார்க்கவே தேவையில்லை. ரொம்ப மெல்லிய நூல் அந்த விளிம்பில் உரசி நைந்துபோகும், சில சமயம் கழன்றும் வரும். அதனால் காதுக்கு அந்தப் பக்கம் வாலைத் தாராளமாக விடுங்கள். பக்கவாட்டில் பிளவு வைத்த ஊசியும் உண்டு. எனக்குப் பிடிக்கவில்லை, துணியில் மாட்டுகிறது.

வீட்டில் ஆள் இருக்கும்போது ஒரு ஊசியில் மட்டும் கோர்த்து வாங்காதீர்கள். ஒரே நூல்கண்டின் நுனியில் பத்துப் பன்னிரண்டு ஊசிகளையும் வரிசையாகக் கோர்க்கச் சொல்லி, கண்டிலேயே சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது நுனியில் இருக்கிற ஊசியோடு ஒரு முழம் நூலை இழுத்து, மற்ற ஊசிகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வெட்டுங்கள். மிச்ச நுனியைக் கண்டில் செருகிவிட வேண்டும், மறந்தால் எல்லா ஊசியும் உருவிக்கொண்டு வந்துவிடும். கறுப்பில் ஒரு கண்டு, வெள்ளையில் ஒரு கண்டு இப்படி இருந்தால் பகல் முழுக்க யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கைத்தையல்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மடியில் வெள்ளைத் துணி போட்டுப் பார்த்தேன். கறுப்பு நூல் நன்றாகவே தெரிகிறது. வெள்ளைக்கு இன்னும் திணறல்தான். கண்டில் ஊசிகளை வரிசையாகக் கோர்த்து வைக்க மகளிடம் சொல்லியிருக்கிறேன். கேட்கக் கேட்க ஆசை வருகிறது, தையல் மெஷின் ஊசிக்கும் ஏதாவது வழி இருக்கிறதா?

மெழுகு:
இருக்கிறது. முன்னாலிருந்து பின்னால் கோர்க்கிற மெஷின் என்றால் ஊசியின் முன்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும், நகம் வைத்தால் தெரியும். அது நேரே காதில் போய்த்தான் முடியும். நூலை அந்தப் பள்ளத்தில் வைத்தபடி நகத்தால் கீழே தள்ளிக்கொண்டு வந்தால் காதருகே நூல் லேசாக உள்ளே அமிழும், அங்கே தள்ளுங்கள். ஊசிக்குப் பின்னால் வெள்ளைக் காகிதத்துண்டு ஒன்றைச் செருகி வைத்தால் இன்னும் எளிது.

நிறம் மாற்றும்போது முழுக்க உருவிவிடாதீர்கள். பழைய நூலைக் கண்டுக்குப் பக்கத்தில் வெட்டி, புது நூலை அதோடு முடிச்சுப் போட்டு, துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு ஊசிப் பக்கமிருந்து இழுங்கள். முடிச்சு ஊசிக்கு முன்னால் வந்ததும் வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது காது மட்டும்தான். மோட்டார் மெஷினாக இருந்தால் ஊசியருகே கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.