மெட்டல் வால்வா, டிஷ்யூ வால்வா? வியாழக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

பட்டறை_கரூர்:
எல்லோருக்கும் வணக்கம். வயது 52, கரூரில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை. எனக்கு இதயத்தில் மைட்ரல் என்கிற வால்வு சுருங்கிவிட்டது, எக்கோவில் (இதய ஸ்கேன்) துளை 0.9 சதுர செ.மீ. என்று வந்திருக்கிறது (நல்ல வால்வுக்கு 4 முதல் 6 வரை இருக்குமாம்). பதினோரு வயதில் தொண்டை வலி வந்து, அப்புறம் முட்டி வீங்கி, அது வடிந்ததும் கணுக்கால் வீங்கி, ஒரு மாதம் படுத்துக் கிடந்தேன். அந்த ருமாட்டிக் காய்ச்சல்தான் ஆரம்பம் என்கிறார்கள். 2009ல் பலூன் போட்டு விரித்தார்கள், நன்றாக ஓடியது. இப்போது வால்வில் சுண்ணாம்பு படிந்து கசிவும் சேர்ந்துவிட்டதால் இன்னொரு தடவை பலூன் முடியாது, மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். எந்த வால்வு என்று வீட்டில் பேசிவிட்டு வரச் சொன்னார். மெட்டல் என்றால் சாகும்வரை ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. டிஷ்யூ (மாடு, பன்றித் திசுவில் செய்தது) என்றால் பத்துப் பதினைந்து வருடத்தில் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். நான் கிரைண்டரிலும் தகட்டிலும் வாரம் இரண்டு தடவையாவது கையைக் கிழித்துக்கொள்கிறவன். வீட்டுக்காரி டிஷ்யூ என்கிறாள், மைத்துனர் மெட்டல் என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாஞ்சில்_டிக்டிக்:
மைத்துனர் சொல்வதைக் கேளுங்கள். எனக்கு 2004ல் திருவனந்தபுரத்தில் சித்ரா வால்வு வைத்தார்கள், அப்போது வயது 41. அது அந்த ஊர் ஸ்ரீசித்திரா இன்ஸ்டிட்யூட்டிலேயே வலியத்தான் டாக்டர் தலைமையில் உருவாக்கிய வால்வு. மூன்று மாதிரி தோற்று நாலாவதுதான் தேறியது, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். ஒரு உலோகக் கூடு, உள்ளே சாய்ந்து சாய்ந்து திறக்கிற ஒரு பிளாஸ்டிக் தட்டு, அவ்வளவுதான். இன்றுவரை ஒரு குறையும் இல்லை, தினமும் சாயங்காலம் ஒரு அசிட்ரோம் (அந்த ரத்தம் உறையாத மாத்திரை), மாதம் ஒரு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று எண்ணில் காட்டுகிற டெஸ்ட்), வேலை முடிந்தது. இரண்டாவது தடவை நெஞ்சைப் பிளக்கிற எண்ணமே வேண்டாம்.

டெல்டா_தம்பி:
"வேலை முடிந்தது" என்று எழுதுவது சுலபம் அண்ணா. என் அம்மாவுக்கும் மெட்டல்தான். பல் பிடுங்கப் போன இடத்தில் அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். எத்தனை நாள் என்று சரியாகச் சொல்லவில்லை, அம்மாவும் புண் ஆறட்டும் என்று எட்டு நாள் நிறுத்திவிட்டார். ஒன்பதாம் நாள் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். வலது கை இன்றுவரை முழுசாக வரவில்லை, கோலம் போடுவதை விட்டுவிட்டார். ஒரு சிங்கிள் மாத்திரையில் தொங்குகிற வாழ்க்கையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நாஞ்சில்_டிக்டிக்:
தம்பி, அம்மாவுக்கு நடந்தது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது வால்வின் தப்பா, நிறுத்தச் சொன்னவர் தப்பா? நான் இரண்டு பல் பிடுங்கியிருக்கிறேன். ஐஎன்ஆர் அளவுக்குள் இருந்தால் சாதாரணமாகப் பல் எடுப்பதற்கு மாத்திரையை நிறுத்தவே வேண்டாம், பஞ்சை அழுத்தித் தையல் போட்டால் நிற்கும் என்று இதய டாக்டர் எழுதிக் கொடுத்தார், அதைக் காட்டினேன். வால்வில் கிருமி தொற்றாமல் இருக்க ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான்.

டெல்டா_தம்பி:
வால்வை மட்டும் தனியாக எடுத்து மேஜையில் வைத்துப் பார்த்தால் உங்கள் கணக்கு சரி. அந்த வால்வோடு வாழ வேண்டிய ஊரையும் சேர்த்துப் பாருங்கள் என்கிறேன். எங்கள் ஊரிலிருந்து ஐஎன்ஆர் பார்க்க 34 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும், ரிசல்ட் மறுநாள். பார்மசியில் அசிட்ரோம் 2 இல்லை, 4 தருகிறேன், பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். காய்ச்சலுக்குப் போனால் ஊசி போடுகிறவருக்கு இந்த மாத்திரை பற்றியே தெரியாது. உங்களுக்கு எழுதிக் கொடுக்க டாக்டர் இருந்தார், என் அம்மாவுக்கு இல்லை. இதில் எது வால்வின் தப்பு என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, அம்மாவின் கை மட்டும் தெரியும்.

மதுரை_பெரியவர்:
நடக்கிறார், பட்டறை நடத்துகிறார், எதற்கு அவசரம்? எனக்கும் வால்வில் கோளாறு என்று 12 வருடமாகச் சொல்கிறார்கள். நீர் பிரிய வைக்கிற மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கத்தி வைப்பது கடைசியில்.

ஐசியூ_மலர்:
ஐயா, உங்கள் வால்வு வேறு, அவருடையது வேறு, உங்கள் எக்கோவில் லேசான கோளாறு என்றுதான் போட்டிருக்கும், பாருங்கள். 0.9க்கு வந்த பிறகு தள்ளிப்போட்டால் நுரையீரலில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், அப்புறம் ஆபரேஷன் செய்தாலும் முழுப் பலன் கிடைக்காது. இருதய ஐசியூவில் 14 வருடம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், தாமதமாக வந்து வென்டிலேட்டரை விட்டு எழ முடியாமல் கிடந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கரூர் அண்ணா, உங்களிடம் ஒரே கேள்வி. ஈசிஜியில் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா? இங்கே யாருமே அதைக் கேட்கவில்லை.

பட்டறை_கரூர்:
இப்போதுதான் பைலைப் பார்த்தேன் மேடம். துடிப்பு ஒழுங்கில்லை, ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்று எழுதியிருக்கிறது. இடது மேலறை 5.4 செ.மீ. வீங்கியிருக்கிறதாம். இரண்டு மாதமாக அசிட்ரோம் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நான் அதை ரத்தம் சுத்தமாக என்று நினைத்திருந்தேன்.

நாஞ்சில்_டிக்டிக்:
அப்புறம் என்ன, பேச்சே இல்லை. அந்தத் துடிப்பு இருந்தால் இதயத்துக்குள் ரத்தம் கட்டும், டிஷ்யூ வைத்தாலும் மாத்திரை மாத்திரைதான். மாத்திரையும் தின்று, பதினைந்து வருடத்தில் ஆபரேஷனும் செய்துகொள்வதா?

டெல்டா_தம்பி:
பேச்சு இருக்கிறது அண்ணா. டிஷ்யூ வைத்தால் புது வகை மாத்திரைக்கு மாறலாம், அதற்கு ஐஎன்ஆர் பார்க்க வேண்டியதில்லை. பிரேசிலில் இதே மாதிரி துடிப்புக் கோளாறோடு மைட்ரலில் டிஷ்யூ வால்வு வைத்த 1005 பேரிடம் பார்த்தார்கள், 2020ல் வெளியானது, ரிவரோக்ஸாபான் என்கிற புது மாத்திரை பழைய வகை மாத்திரைக்குக் குறையவில்லை. மெட்டலில் அந்த வழியே கிடையாது. நானும் சும்மா அம்மா கதையை மட்டும் வைத்துப் பேசவில்லை.

ஐசியூ_மலர்:
தம்பி சொல்வது சரி. மெட்டலில் புது மாத்திரையைச் சோதித்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், 2013ல் வெளியானது, வால்வில் ரத்தக் கட்டியும் அதிகம், ரத்தக் கசிவும் அதிகம். யாராவது "டெஸ்ட் இல்லாத மாத்திரைக்கு மாற்றித் தருகிறேன்" என்றால் மெட்டல்காரர்கள் அங்கிருந்து ஓடி வந்துவிடுங்கள். ஆனால் கரூர் அண்ணா, ஆபரேஷன் வரைக்கும் அசிட்ரோமையே தொடருங்கள். இந்த ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய வால்வோடு துடிப்புக் கோளாறும் இருப்பவர்களுக்குப் பழைய மாத்திரைதான் நல்லது என்று 2022ல் வந்துவிட்டது.

இரண்டாவது ஆபரேஷன் பற்றி: நெஞ்செலும்புக்குப் பின்னால் எல்லாம் ஒட்டிப் போயிருக்கும், முதல் தடவையைவிட ஆபத்து அதிகம்தான். தொடை வழியாகக் குழாய் விட்டுப் பழைய டிஷ்யூக்குள்ளேயே புதுசைப் பொருத்துகிறார்கள், ஆனால் அதற்குப் பல லட்சம் ஆகும். 52 வயதில் மைட்ரலுக்குப் பொதுவாக மெட்டல் பக்கம்தான் சாய்வார்கள். ஆனாலும் பொதுவாக என்பது உங்கள் பட்டறை இல்லை. கரூரில் ஐஎன்ஆர் எங்கே பார்ப்பீர்கள், முதலில் அதை விசாரியுங்கள். இடது மேலறையின் மூலையில் ஒரு சின்னப் பை உண்டு, ரத்தக் கட்டி பெரும்பாலும் அங்கேதான் சேரும், திறக்கிறபோதே அதையும் மூடிவிட முடியுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். ஆடுகிற பல், சொத்தைப் பல் எதுவும் இருந்தால் இப்போதே டாக்டர் மேற்பார்வையில் எடுத்துவிடுங்கள்.

பட்டறை_கரூர்:
விசாரித்தேன். பட்டறையிலிருந்து நடக்கிற தூரத்தில் லேப் இருக்கிறது, காலையில் கொடுத்தால் சாயங்காலம் ரிசல்ட். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் ஆகிவிடும், ஆனால் 65 வயதில் குழாய் வழி வைத்தியத்துக்குப் பல லட்சம் என்னிடம் இருக்காது, அதை நானே ஒப்புக்கொள்ள வேண்டும். மெட்டல் என்று சொல்லிவிட்டேன். தம்பி கோபப்படாதீர்கள்.

டெல்டா_தம்பி:
கோபம் எதற்கு அண்ணா. லேப் பக்கத்தில் இருக்கிறது, அது பெரிய விஷயம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு அட்டை வையுங்கள்: என்ன வால்வு, என்ன மாத்திரை, யாரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. தமிழிலும் எழுதுங்கள். இப்போதும் டிஷ்யூதான் என் கட்சி, அதை மாற்றிக்கொள்ளவில்லை.

(பதினோரு வாரம் கழித்து)

பட்டறை_கரூர்:
வந்துவிட்டேன். இரண்டு கடைவாய்ப் பல்லை முன்னாலேயே எடுத்தேன். ஆபரேஷன் ஐந்து மணி நேரம், கண் விழித்தபோது வாயில் குழாய், பேச முடியாது, அதுதான் பெரிய பயம். வலி நினைத்த அளவு இல்லை, இருமல்தான் கொன்றது. தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்து இருமச் சொன்னார்கள், மூன்று பந்து இருக்கிற கருவியில் மணிக்கொரு தடவை மூச்சை உள்ளே இழுக்க வைத்தார்கள். ஒன்பதாம் நாள் வீடு. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: மூன்றாவது வாரம் காரணமே இல்லாமல் அழுகை வந்தது, டிவியில் பழைய பாட்டு போட்டால்கூட. சோற்றைக் கண்டால் குமட்டல். ஐந்தாவது வாரம்தான் ஒரு இட்லி ருசித்தது. இரண்டு மாதம் மல்லாந்தே படுக்கை, பைக் கூடாது, ஒரு குடம் தண்ணீர் தூக்கக் கூடாது. எலும்பைக் கட்டிய கம்பி உள்ளேயே இருக்குமாம். வெல்டர் நெஞ்சில் அடுத்தவன் போட்ட கம்பி! இப்போது பட்டறையில் உட்கார்ந்து கணக்கு மட்டும் பார்க்கிறேன். ராத்திரி அமைதியில் வால்வின் டிக் டிக் கேட்கிறது, வீட்டுக்காரி அது கேட்டால்தான் தூங்குகிறாள்.

ஒரு சந்தேகம். கீரையே தொடக் கூடாது என்று வீட்டில் தடை. ஆனாலும் போன வாரம் ஐஎன்ஆர் 4.6. ஏன்?

நாஞ்சில்_டிக்டிக்:
தடை சரிதான். நான் முருங்கைக்கீரையைத் தொட்டு வருடக்கணக்கு ஆகிறது.

டெல்டா_தம்பி:
அண்ணா, இதில் நீங்கள் தப்பு. கீரையில் இருக்கிற வைட்டமின் கே மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும், அதற்காக அடியோடு நிறுத்தினால் அளவு மேலே போகும், அப்புறம் ஒருநாள் கல்யாண வீட்டில் நிறையச் சாப்பிட்டால் கீழே விழும். வாரம் இரண்டு நாள், ஒரே அளவு, ஒழுங்காகச் சாப்பிட்டால் மாத்திரையை அதற்கேற்ப வைத்துவிடுவார்கள். அம்மாவுக்கு அப்படித்தான் நிலைக்கு வந்தது.

ஐசியூ_மலர்:
தம்பிக்கே என் ஓட்டு. கரூர் அண்ணா, நடுவில் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீர்களா? அதுவும் ஏற்றிவிடும். 4.6ஐ இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள். உங்களுக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

பட்டறை_கரூர்:
சளிக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன் மேடம், அட்டையைக் காட்ட மறந்துவிட்டேன். டாக்டரிடம் பேசியாயிற்று, ஒரு வேளை மாத்திரையை மட்டும் விடச் சொன்னார். நேற்று தண்டுக்கீரைக் கூட்டு, ஒரு கரண்டி. திங்கள்கிழமை டெஸ்ட்.

டெல்டா_தம்பி:
முடிவைப் போடுங்கள். அம்மாவும் கேட்கிறார்.

பட்டறை_கரூர்:
2.9.