மறு: ‘த்ராட்லிங்’குக்கு ‘மட்டுப்படுத்தல்’ பொருந்துமா?

வணக்கம். த்ராட்லிங் (throttling) என்ற கணினிச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வந்த கருத்து இது:

> ‘மட்டுப்படுத்தல்’ என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். மட்டுப்படுத்துவது என்றால் வேகத்தைக் குறைத்து ஓடவிடுவது. சிபியு கோட்டாவில், அதாவது நிரல் எடுக்கக்கூடிய சிபியு நேரத்துக்கான வரம்பில், லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) செய்வது அதுவல்ல. சிகுரூப்பின் (நிரல்களைக் குழுவாக்கி வரம்பிடும் கெர்னல் வசதி) சிபியு.மேக்ஸ் கோப்பில் 50000 100000 என்று மைக்ரோநொடிகளில் எழுதினால், ஒவ்வொரு 100 மில்லிநொடிக்கும் 50 மில்லிநொடி சிபியு நேரம் என்று பொருள். நான்கு கோர் உள்ள கணினியில் ஒரு நிரல் நான்கு இழைகளை (திரெட்) ஒரே சமயத்தில் ஓட்டினால் அந்த 50-உம் 12.5 மில்லிநொடியிலேயே தீர்ந்துவிடும். அதுவரை முழு வேகம். அப்புறம் 87.5 மில்லிநொடி அசையாமல் கிடக்கும்.

கண்காணிப்பு வரைபடமோ மொத்தக் கணினியில் 12.5 விழுக்காடு என்று சாதுவாகக் காட்டும். பார்ப்பவர் ‘சிபியு சும்மாதான் இருக்கிறது’ என்று முடிவுகட்டி, தரவுத்தளத்தையும் வலைப்பின்னலையும் தோண்டப் போவார். சிபியு கணக்கைக் காட்டும் சிபியு.ஸ்டாட் கோப்பில், இப்படி நின்றதை எண்ணும் என்ஆர்_த்ராட்டில்டு எண் ஏறிக்கொண்டே இருக்கும். அதற்கு ‘மட்டுப்படுத்திய எண்ணிக்கை’ என்று பெயரிட்டால், ஏதோ கொஞ்சம் வேகம் குறைந்திருக்கிறது போலும் என்று அதையும் தாண்டிப் போய்விடுவார்.

ஆகவே என் பரிந்துரை ‘நிறுத்திவைப்பு’. அந்த 100 மில்லிநொடிக்குத் ‘தவணை’, 50-க்குத் ‘தவணைப் பங்கு’. என்ஆர்_த்ராட்டில்டு என்பது ‘நிறுத்திவைத்த தவணைகள்’ ஆகிவிடும்; அது எண்ணுவதும் அதைத்தான். கோட்டாவுக்கு ‘ஒதுக்கீடு’ வேண்டாம். நினைவகத்தில் ஏற்கெனவே எடுத்துக்கொடுத்ததை ஒதுக்கீடு என்கிறோம். ‘ஒதுக்கீடு 512 மெகாபைட்’ என்று திரையில் இருந்தால், அவ்வளவும் செலவாகிவிட்டது என்றுதான் படிப்பார்கள்.

வெப்பம் ஏறும்போது சிபியு தன் கடிகார வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதே, அதற்கு ‘மட்டுப்படுத்தல்’ கச்சிதம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக அந்தக் குழப்பத்தையும் நாம் இறக்குமதி செய்ய வேண்டுமா?

——

> என் பரிந்துரை ‘நிறுத்திவைப்பு’.

ஏற்கிறேன். ஆனால் அதே சிபியு.ஸ்டாட் கோப்பில் உள்ள த்ராட்டில்டு_யூசெக்கை ‘நிறுத்திவைப்பு நேரம்’ என்று மட்டும் போடாதீர்கள். அது ஒவ்வொரு கோரின் வேலை வரிசையும் நின்றிருந்த நேரத்தைக் கூட்டித் தருகிறது. உங்கள் உதாரணத்திலேயே 100 மில்லிநொடித் தவணைக்கு ஏறத்தாழ 350 மில்லிநொடி என்று வரும். கடிகாரத்தையே மிஞ்சிய காத்திருப்பு! கருவி கெட்டுவிட்டது என்று வழு பதிய ஆள் வரும். ‘கூட்டு நிறுத்த நேரம்’ என்றால் முதல் பார்வையிலேயே உறைக்கும்.

இன்னொன்று. மெமரி.ஹை என்ற நினைவக வரம்பைத் தாண்டினாலும் ஆவணங்கள் த்ராட்டில் என்றுதான் சொல்கின்றன. அங்கே பங்கு தீர்ந்து அடுத்த தவணைக்குக் காத்திருக்கும் கதை இல்லை. நினைவகப் பக்கங்களை விடுவிக்கும் வேலையை நிரலின் தலையிலேயே கட்டி, அதை இழுத்துப் பிடிக்கிறார்கள். நிரல் தள்ளாடும், ஆனால் ஓடும். இதற்கு எந்தச் சொல்?

‘தவணை’ என்றதும் கடன்தான் நினைவுக்கு வருகிறது, போகட்டும்.

——

மெமரி.ஹைக்கு ‘மட்டுப்படுத்தல்’தான். நிரல் ஓடிக்கொண்டே தாமதமானால் மட்டுப்படுத்தல், தவணைப் பங்கு தீர்ந்து நின்றால் நிறுத்திவைப்பு. மொழிபெயர்க்கும் சரங்களை (திரையில் வரும் சொற்றொடர்களை) இந்த அளவுகோலை வைத்தே பிரிக்கிறேன். ‘கூட்டு நிறுத்த நேரம்’ அப்படியே எடுத்துக்கொண்டேன்.

தவணைக்குக் கெடு என்ற பொருளும் உண்டு, கடன் வாசனை இருந்தால் இருக்கட்டும். மிச்சம் இருப்பது சிபியு.மேக்ஸ்.பர்ஸ்ட், கெர்னல் 5.14-இல் வந்தது. முந்தைய தவணைகளில் செலவழிக்காத பங்கை ஓர் அளவுவரை சேர்த்துவைத்துப் பிறகு எடுத்துக்கொள்ள விடுகிறது. பர்ஸ்ட் என்பதற்கு ‘வெடிப்பு’ என்று யாரோ வரைவில் போட்டிருக்கிறார்கள், அதை எடுத்துவிடுகிறேன். ‘சேமிப்புப் பங்கு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.