புதுப்பிப்பு: அரேலிஸ்ட் பிழைக்குக் காரணம் கிடைத்துவிட்டது

பழைய சி ஷார்ப் சரக்குக் கணக்கு நிரல் ஒன்று, அரேலிஸ்ட்டில் (எந்த வகைத் தரவையும் போட்டு வைக்கும் பழைய பட்டியல்) உள்ள எண்ணிக்கைகளைக் கூட்டும்போது சில நாள் மட்டும் 'இன்வேலிட் காஸ்ட் எக்செப்ஷன்' (கேட்ட வகைக்கு மாற்ற முடியாது என்ற பிழை) வந்து நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி அந்த அரேலிஸ்ட்டை இன்ட் வகை லிஸ்ட்டாக (முழு எண்களை மட்டும் ஏற்கும் பட்டியல்) மாற்றி கம்பைல் செய்தேன், உடனே ஒரு வரியில் பிழை காட்டியது. சரக்கு திரும்பி வந்தால் பதியும் திரையில், டெக்ஸ்ட்பாக்ஸில் தட்டிய "12" எண்ணாக மாறாமல் எழுத்துச் சரமாகவே உள்ளே போயிருக்கிறது. அரேலிஸ்ட்டுக்கு எல்லாமே ஆப்ஜெக்ட்தான் (எல்லா வகைக்கும் பொதுவான வகை), எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்; கூட்டுவதற்காக இன்ட்டாக எடுக்கும்போதுதான் பிழை வரும். சரக்கு திரும்பிய நாளில் மட்டும் விழுந்ததற்கு இதுதான் காரணம்.

அப்புறம் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இன்ட்டாக உள்ளே போட்டதை நேராக லாங் (இன்ட்டைவிடப் பெரிய முழு எண் வகை) என்று காஸ்ட் செய்து, அதாவது வகை மாற்றி எடுத்தாலும் இதே பிழைதான் வரும், ஏனென்றால் எந்த வகையில் பாக்ஸ் ஆனதோ (ஆப்ஜெக்டாகப் பொதியப்பட்டதோ) அதே வகையில்தான் வெளியே எடுக்க முடியும். நினைவகமும் வீண்: 64 பிட் கணினியில் 4 பைட் இன்ட் ஒன்று பாக்ஸ் ஆனால் ஹீப்பில் (ஆப்ஜெக்ட்டுகள் இருக்கும் நினைவகப் பகுதி) 24 பைட், அதைச் சுட்ட இன்னும் 8 பைட்.

எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். ஜெனரிக்ஸ் (இன்ட் வகை லிஸ்ட் போல வகையைக் குறிப்பிட்டு எழுதும் வசதி) 2005-இல் டாட்நெட் 2.0 உடன்தான் வந்தது, இந்த நிரல் அதற்கும் முந்தையது.

இப்போது ஹாஷ்டேபிளையும் (கீயைக் கொடுத்து மதிப்பைத் தேடும் பழைய அட்டவணை) அதன் ஜெனரிக் வடிவமான டிக்‌ஷனரியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். இல்லாத கீயைக் கேட்டால் ஹாஷ்டேபிள் நல் (null, வெற்று மதிப்பு) தரும், டிக்‌ஷனரி எக்செப்ஷன் வீசும், அதனால் ஒவ்வோர் இடத்திலும் ட்ரைகெட்வேல்யூ (கீ இருந்தால் மட்டும் மதிப்பை எடுக்கும் முறை) போட வேண்டியிருக்கிறது.