தண்ணீர் குடித்தே நாய்க்கு ஆபத்து வருமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மணியின் ஆள்:

வெயில், உண்ணி, சாக்லேட் என்று எல்லாவற்றுக்கும் பயந்திருக்கிறேன். தண்ணீருக்குப் பயப்பட வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

மணி, நான்கு வயது லாப்ரடார். ஏரியில் டென்னிஸ் பந்தை எறிந்துகொண்டே இருந்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல். பந்தைக் கவ்விக்கொண்டு நீந்தும்போது நாயால் வாயை மூட முடியாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கரை ஏறியதும் மூன்று முறை சிறுநீர் கழித்தான், நிறமே இல்லாமல். பாதி ஏரியைக் குடித்துவிட்டான் என்று சிரித்தேன்.

கார் கதவைத் திறந்ததும் தாவி ஏறுகிறவன், முன்னங்கால்களை மட்டும் சீட்டில் வைத்துவிட்டு நின்றான். பின்னங்கால் வரவில்லை. சரி, களைப்பு என்று தூக்கி வைத்தேன். வழியில் வாந்தி எடுத்தான். சாப்பிட்டது எதுவும் இல்லை, வெறும் தண்ணீர். கால்மிதி மிதந்தது. மொபைல் டார்ச்சைக் கண்ணில் அடித்தால் பாவை சுருங்காமல் அகலமாகவே இருந்தது. அப்போதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணீரில் எவ்வளவு நேரம் இருந்தான்?" ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, லிட்டருக்கு 122 மில்லிமோல். நாய்களுக்குச் சுமாராக 140 முதல் 155 வரை இருக்க வேண்டுமாம். அது இறங்கிவிட்டால் தண்ணீர் செல்களுக்குள் புகுந்து மூளை வீங்கும். தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு எல்லாம் அதனால்தான்.

குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வருமே என்று கேட்டேன். "சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொண்டால் மிச்சம் வெறும் தண்ணீர்தானே" என்றார். உப்புச் செறிவு அதிகமான சலைனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். நீர் பிரிய ஃப்யூரோசமைட் ஊசி. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரவு ஒரு முறை வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான்.

குட்டிமாவின் அக்கா:

எங்களுக்கு ஏரியெல்லாம் தேவைப்படவில்லை, தோட்டத்து ஹோஸ் பைப்பே போதுமானதாக இருந்தது. குட்டிமா ஆறு கிலோதான். பீய்ச்சும் தண்ணீரைக் கடிப்பது அவளுக்கு விளையாட்டு. இருபது நிமிடம்கூட இருக்காது. வயிறு உப்பி, எச்சில் நூலாக ஒழுக ஆரம்பித்தது. நல்ல வேளை, தானாகவே வாந்தி எடுத்தாள். மருத்துவமனையில் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்து கவனித்தார்கள், சிறுநீராகவே வெளியே போய்விட்டது. சின்ன உடம்புக்குக் கொஞ்ச நேரமே அதிகம் என்றார்கள். அழுத்தமாக வரும் தண்ணீர் என்றால் இன்னும் வேகமாம்.

நான் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன்:

இப்படி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "வெயில் தாக்கிவிட்டது" என்றுதான் சொல்கிறார்கள். வெயில் தாக்கினால் உடம்பு கொதிக்கும், ஈறு பெரும்பாலும் சிவந்திருக்கும். இதில் ஈறு வெளுத்திருக்கும், உடம்பு சுடாது. விஷப்பாசி உள்ள குளத்து நீரைக் குடித்தாலும் தள்ளாடும், வலிப்பு வரும். ஆகவே வந்ததும் எங்கே, எவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தது என்பதைச் சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால்தான் சோடியத்தை முதலில் பார்ப்பார்கள்.

உப்புக் குறைவுதானே என்று வீட்டில் உப்பைக் கரைத்து ஊற்ற வேண்டாம். தள்ளாடுகிற நாய்க்கு வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகலாம். உப்பு அளவுக்கு மீறினால் அதுவே விஷம். திடீரென்று சோடியம் இறங்கி வலிப்பு வந்த நாய்க்கு டாக்டர் கொஞ்சம் வேகமாக ஏற்றுவார். பல நாளாகக் குறைந்தே இருந்ததென்றால் ஒரு மணி நேரத்துக்கு லிட்டருக்கு அரை மில்லிமோல் உயரும் அளவுக்குத்தான். அதில் அவசரப்பட்டால் மூளை நரம்புகளின் உறையே சிதையும். இதையெல்லாம் ரத்தப் பரிசோதனை இல்லாமல் யாராலும் செய்ய முடியாது. தள்ளாட்டத்தைப் பார்த்துவிட்டால் காலை வரை பொறுப்போம் என்று இருக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே கைமீறிப் போன நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

ராஜாவின் வீட்டுக்காரர்:

என் ராஜா ஆறு வருடமாக நீந்துகிறான், ஒன்றும் ஆனதில்லை. கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறீர்களோ?

மணியின் ஆள்:

நானும் அன்று காலை வரை அப்படித்தான் பேசியிருப்பேன். நீச்சலை நிறுத்தச் சொல்லவில்லை, மணியும் நிறுத்தவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரைக்கு வரவழைத்து உட்கார வைக்கிறேன். அடியில் மூழ்கும் பொருளை எறிவதே இல்லை. பந்துக்குப் பதில் தட்டையான ரப்பர் வளையம், அதைக் கவ்வ வாயை அவ்வளவு திறக்க வேண்டியதில்லை. அவனுக்கு அது பிடிக்கவில்லை. டென்னிஸ் பந்தை அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன். தினமும் அதன் கீழே போய் உட்கார்ந்து மேலே பார்க்கிறான்.