‘ஃபேஸ்’: முகமா, மானமா?
(கலைச்சொல் தேடும் நால்வரின் பேச்சு; பேசுகிறவர்களை ஊர்ப்பெயரால் குறித்திருக்கிறது.)

பாளையங்கோட்டை:
சமூக மொழியியல் பாடத்தில் ஓர் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். மன்னிப்புக் கேட்கும் முறை நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது என்பது பொருள். அதில் ‘ஃபேஸ்’ என்பது பிறர் முன்னால் ஒருவருக்கு உள்ள மதிப்பு. அதைக் காப்பது ‘ஃபேஸ் சேவிங்’, இழப்பது ‘ஃபேஸ் லாஸ்’, அதற்கு ஊறு செய்யக்கூடிய பேச்சோ செயலோ ‘ஃபேஸ் திரெட்டனிங் ஆக்ட்’. மூன்றுக்கும் ஒரே வேரில் சொல் வேண்டும். இப்போதைக்கு முகக்காப்பு, முகமிழப்பு, முகவூறு.

அம்பாசமுத்திரம்:
தம்பி, முகக்காப்பு என்றால் மாஸ்க்தான் ஞாபகம் வரும். முகங்காப்பு எனலாம், ‘ம்’ என முடியும் சொல்லுக்கு இரண்டும் விதி உண்டு. முகவூறு புணர்ச்சிப்படி சரி, பிழைதிருத்துகிறவர் முகவுரை ஆக்கிவிடுவார். முகமிழப்பு தீக்காய வார்டு. நம் பேச்சில் முகம் சுண்டும், கோணும், முறியும்; யாரும் இழப்பதில்லை. ‘முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து’ என்கிற குறளிலும் வாடுகிறவன் ஒருவன், திரிகிற முகம் இன்னொருவனது. முகமுறிவு என்று போடு.

சங்கரன்கோவில்:
முகமே வடசொல். மானம் என்று வையுங்கள்.

தென்காசி:
மானத்தையும் வடசொல் என்பார் உண்டு, அண்ணாச்சி. ‘முக’ திராவிடத்திலிருந்து வடமொழிக்குப் போனது என்பது மொழியியலாளர் பரோவின் கட்சி. அது கிடக்கட்டும். சீனத்தில் ‘ஃபேஸ்’ என்பதற்கு லியன், மியன்சு என இரண்டு சொல். 1944-இல் மானிடவியலாளர் ஹு சியன்சின் பிரித்துக் காட்டியது. லியன் ஒழுக்கத்தால் நிற்பது, போனால் தலைகாட்ட முடியாது. மியன்சு செல்வாக்கால் சேர்வது, கூடும் குறையும். முன்னதற்கு மானம், பின்னதற்கு முகமதிப்பு. கூட்டத்தில் மேலாளரின் கணக்குப் பிழையைச் சொன்னால் குறைவது முகமதிப்பு. அதற்காக அவர் கவரிமா ஆக வேண்டாம்.

அம்பாசமுத்திரம்:
காப்பதிலும் வித்தியாசம் இருக்கு. ஜப்பானில் நிறுவனத் தலைவர் எல்லார் முன்னும் 45 பாகை குனிந்து, வாயாலும் சொல்லணும். இங்கே சொந்தத்துக்குள் ‘மன்னிச்சிருங்க’ என்றால் ஆறினதைக் கீறினது மாதிரி. பேச்சு நின்ற வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாகப் போகணும். ஆள்விட்டு அனுப்பினாலோ போனில் கூப்பிட்டாலோ செல்லாது. மிஞ்சிப்போனால் ‘மனசுல வச்சிக்கிடாதிய’. அவர்கள் தட்டை வாங்கி, இவர்கள் காப்பி டம்ளரை வாங்கிவிட்டால் தீர்ந்தது. தப்பு யாருது என்ற பேச்சே வராது. இதற்கு என்ன சொல் வச்சிருக்கிய?

சங்கரன்கோவில்:
கண்ணோட்டம். குறளில் அதிகாரமே இருக்கு.

தென்காசி:
இன்றைக்குக் கண்ணோட்டம் என்றால் பிள்ளைகள் ‘பார்வை’ என்றுதான் எழுதும். தாட்சண்யம் எல்லாருக்கும் புரியும், உங்களுக்குத்தான் ஆகாது. ‘ஃபேஸ்’ கருத்தை வைத்து மரியாதைப் பேச்சை ஆராய்ந்த பிரவுன்-லெவின்சன் தமிழ்த் தரவு எடுத்தது கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில். சொல்லாவது நெல்லையிலிருந்து போகட்டுமே.

பாளையங்கோட்டை:
நாளாகிவிட்டது. முகமதிப்பு, முகமதிப்புக் காப்பு, முகமதிப்பு இழப்பு, முகமதிப்பு ஊறு. லியனுக்கு மட்டும் மானம். நீளம்தான். முகமுறிவு அடிக்குறிப்பில் வரும். தட்டு, டம்ளர் விஷயத்தைச் சொல் இல்லாமலே விவரித்துவிடுகிறேன்.

சங்கரன்கோவில்:
நானும் ஒத்துக்கொண்டதாக எழுத வேண்டாம். முகத்துக்காகத் தலையாட்டுகிற ஆள் நான் இல்லை.