லினக்ஸ் லேப்டாப்ல புளூடூத் தானா ஆன் ஆவுறத நிறுத்துறது எப்டி? ஹெல்ப் பண்ணுங்க

செந்தூல் பையன்:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. லோ யாட்ல செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் ஒன்னு வாங்கி லினக்ஸ் மின்ட் 22 போட்ருக்கேன், எக்ஸ்எஃப்சிஇ எடிஷன். வைஃபை, கேமரா, பிரிண்டர் எல்லாம் நல்லாதான் ஓடுது, ஒரே ஒரு தொல்லை, லேப்டாப்ப ஆன் பண்ணாலே புளூடூத்தும் கூடவே ஆன் ஆயிடுது. ராத்திரி ஆஃப் பண்ணிட்டுதான் ஷட்டவுன் பண்றேன், காலையில பாத்தா மறுபடி ஆன்ல நிக்கிது.

இது ஒரு பிரச்சனையான்னு கேக்காதீங்க. வீட்ல இருக்கிறது ஒரே ஸ்பீக்கர், அம்மா காலையில ஹேன்போன்ல மின்னல் எஃப்எம் போட்டு அதுலதான் கேப்பாங்க, என் லேப்டாப் ஓடிட்டு இருந்துச்சுனா ஸ்பீக்கர் நேரா எங்கிட்ட வந்து ஒட்டிக்குது, அங்க அம்மாவுக்கு பாட்டு வராது, இங்க எனக்கு மீட்டிங் சத்தம் வராது, மேனேஜர் பேசுறது மட்டும் சமையக்கட்டுல நல்லா கேக்குது.

'சுடோ சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் புளூடூத்' அடிச்சு ரீபூட் பண்ணேன். ஆன் ஆவல, சரி. ஆனா சாயங்காலம் ஹெட்ஃபோன் மாட்டலாம்னு ஐக்கான அமுக்குனா அசையவே மாட்டேங்குது, டெர்மினல் தொறந்து சர்வீஸ ஸ்டார்ட் பண்ண வேண்டியதா இருக்கு. எனக்கு வேண்டியது இவ்ளோதான்: பூட் ஆவுறப்ப ஆஃப்ல இருக்கணும், வேணும்னா ஐக்கான்லயே ஆன் பண்ணிக்கணும்.

கெப்போங் ராஜா:
பயாஸ்ல போயி ஆஃப் பண்ணிடு தம்பி, வேல முடிஞ்சுது.

செந்தூல் பையன்:
அண்ணே, ஹெட்ஃபோனுக்கு வேணும்னு சொன்னேனே.

கெப்போங் ராஜா:
வயர் ஹெட்ஃபோன் வாங்குலா 😂

ஃபெர்ரிக்காரன் பட்டர்வொர்த்:
ராஜா சொல்றத விடு தம்பி. மொதல்ல அந்த சர்வீஸ பழையபடி எனேபிள் பண்ணிடு, அது ஓடுனா ஓடட்டும், சர்வீஸ் ஓடுறது வேற, புளூடூத் ரேடியோ ஆன்ல இருக்கறது வேற. நீ சர்வீஸையே தூக்கிட்டா ஐக்கான் யார்கிட்ட போயி பேசும், அதான் அசையல.

நீ மாத்த வேண்டியது ஒரு ஃபைல். இடிசி ஃபோல்டருக்குள்ள புளூடூத்னு ஒரு ஃபோல்டர், அதுல மெயின் டாட் கான்ஃப். சுடோ போட்டு நானோ எடிட்டர்ல தொற, கீழ பாலிசின்னு ஒரு பகுதி வரும், அதுல ஆட்டோஎனேபிள்னு ஒரு வரி இருக்கும். அடாப்டர் கண்ணுல பட்டதும் பவர் குடுக்கலாமா வேணாமான்னு சொல்ற வரி அது. முன்னாடி எல்லாம் அது எழுதலனா ஆஃப்னு அர்த்தம், 2022ல லினக்ஸோட புளூடூத் சாஃப்ட்வேர் புளூஸெட் 5.65 வந்தப்ப அத திருப்பி வச்சுட்டாங்க, இப்ப எழுதலனாலே ஆன்தான். மின்ட் 22ல இருக்கறது 5.72, அதனால உனக்கும் அப்டித்தான். வரிக்கு முன்னாடி ஹாஷ் இருந்தா அத எடுத்துடு, ட்ரூவ ஃபால்ஸ் ஆக்கு, சேவ் பண்ணிட்டு ரீபூட். ஹாஷ் இருக்கற வரைக்கும் நீ என்ன எழுதுனாலும் அது படிக்காது.

ஒன்னு மட்டும் பாத்துக்க, புளூடூத் மவுஸோ கீபோர்டோ யூஸ் பண்றவங்க இத செஞ்சா லாகின் ஸ்கிரீன்ல அது ரெண்டும் வேல செய்யாது.

செந்தூல் பையன்:
நன்றிண்ணே. சர்வீஸ எனேபிள் பண்ணிட்டேன், ஹாஷ் எடுத்துட்டேன், ஃபால்ஸ் போட்டுட்டேன், ரீபூட்டும் ஆச்சு. ஆனா டெஸ்க்டாப் வந்ததும் அந்த ஐக்கான் நீலமா சிரிக்கிது.

சுங்கை நிபோங்:
எனக்கும் இதே கததான், டிஎல்பின்னு பேட்டரி மிச்சம் புடிக்கிற டூல் போட்டு அதோட கான்ஃப் ஃபைல்ல, ஸ்டார்ட் ஆவுறப்ப எந்தெந்த டிவைஸ ஆஃப் பண்ணணும்ங்கிற வரில புளூடூத்னு எழுதி விட்டேன், ஓகே ஆச்சு. பேட்டரியும் மிச்சம்.

டெர்மினல் அக்கா:
நிபோங், பேட்டரிக்காக ஏற்கனவே டிஎல்பி வச்சிருக்கறவங்களுக்கு அது சரி. இது ஒன்னுக்காக புதுசா போடணுமா? அதுவும் இல்லாம எதுலயும் ஒட்டாம சும்மா இருக்கற புளூடூத் பேட்டரிய அவ்ளோ ஒன்னும் தின்னுடாது, ஸ்கிரீன் வெளிச்சத்த கொஞ்சம் கொறச்சாலே அதவிட மிச்சமாவும்.

செந்தூல் தம்பி, அடுத்து எத மாத்தலாம்னு தேடாத, மொதல்ல யாரு ஆன் பண்றான்னு புடி. லேப்டாப்ப ஆன் பண்ணு, லாகின் ஸ்கிரீன் வந்ததும் பாஸ்வர்ட் போடாத. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூனையும் சேர்த்து அமுக்கு, கருப்பு ஸ்கிரீன் வரும், அங்க லாகின் பண்ணி 'புளூடூத்சிடிஎல் ஷோ' அடி. பவர்ட்னு ஒரு வரி இருக்கும், எஸ்ஸா நோவான்னு பாரு. 'ஆர்எஃப்கில் லிஸ்ட்'டும் அடிச்சிடு, எந்த ரேடியோ பிளாக் ஆயிருக்குன்னு காட்டும், அது திங்க்பேட்ல புளூடூத்துக்கு ரெண்டு என்ட்ரி காட்டும், ஒன்னு டிபிஏசிபிஐன்னு ஆரம்பிக்கும், அது திங்க்பேடோட சுவிட்ச், இன்னொன்னு எச்சிஐ0, அதான் அடாப்டர். மொத என்ட்ரி பிளாக் ஆயிருந்தா எச்சிஐ0 லிஸ்ட்லயே இருக்காது, புளூடூத்சிடிஎல் கண்ட்ரோலரே இல்லன்னு கூட சொல்லும், பயந்துடாத. அப்பறம் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7ல திரும்பி வந்து டெஸ்க்டாப்புக்குள்ள போயி மறுபடி அதே கமாண்ட அடி.

செந்தூல் பையன்:
அக்கா! கருப்பு ஸ்கிரீன்ல நோன்னு இருக்கு, டெஸ்க்டாப்ல எஸ்.

டெர்மினல் அக்கா:
அப்ப ஃபெர்ரி அண்ணன் சொன்னது வேல செஞ்சிருக்கு. பூட் ஆகி முடியற வரைக்கும் ஆஃப்லதான் இருக்கு, நீ உள்ள போனதும் வேற ஒருத்தர் எழுப்புறாரு. அது புளூமேன்ங்கிற புளூடூத் ஆப், நீ அமுக்குறியே அந்த ஐக்கானேதான். மின்ட்ல 21லேர்ந்து புளூபெரிங்கிற பழைய புளூடூத் ஆப்ப எடுத்துட்டு இதத்தான் வச்சிருக்காங்க, இதுக்குள்ள பவர்மேனேஜர்னு ஒரு பிளகின், லாகின் ஆனதும் அடாப்டர ஆன் பண்றது அதோட வேல, யாரும் சொல்லாமயே செய்யும். ராத்திரி நீ ஆஃப் பண்ணிட்டு போனத, சர்வீஸ்லாம் பாத்துக்கற சிஸ்டம்டி ஞாபகம் வச்சிருந்து காலையில அப்டியே கொண்டாந்து வச்சாலும் இது வந்து மாத்திடும். அதான் நெட்ல சொல்ற எத செஞ்சாலும் சிலருக்கு ஆவுது, சிலருக்கு ஆவ மாட்டேங்குது, ஒவ்வொருத்தர் லேப்டாப்ல எழுப்புற ஆள் வேற.

ஐக்கான்ல ரைட் கிளிக் பண்ணு, பிளகின்ஸ் தொற, பவர்மேனேஜர கிளிக் பண்ணி கான்ஃபிகரேஷன்ல போ, ஆட்டோ பவர்-ஆன்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துடு. பிளகின்னையே ஆஃப் பண்ணிடாத, ஐக்கான்ல ஆன் ஆஃப் பண்ற மெனு அதுலேர்ந்துதான் வருது.

டெர்மினல்லதான் செய்வேன்னா 'ஜிசெட்டிங்ஸ் செட் ஆர்க் டாட் புளூமேன் டாட் பிளகின்ஸ் டாட் பவர்மேனேஜர்', ஸ்பேஸ் விட்டு 'ஆட்டோ-பவர்-ஆன் ஃபால்ஸ்'. எல்லாம் சின்ன எழுத்து, இதுக்கு சுடோ போடாத, போட்டா ரூட்டோட செட்டிங்தான் மாறும், உன்னோடது அப்டியே இருக்கும்.

செந்தூல் பையன்:
ஆச்சுக்கா!! ரீபூட் பண்ணேன், ஐக்கான் சாம்பல் கலர்ல கெடக்கு. ரைட் கிளிக்ல ஆன் பண்ணேன், ஹெட்ஃபோன் உடனே ஏறிச்சு. லேப்டாப்ப மூடி தொறந்தும் பாத்துட்டேன், ஆஃப்லயே இருக்கு. ஆனா ஒரு டவுட்டு, நான் ஹெட்ஃபோனுக்காக ஆன்ல வச்சிருக்கப்ப அம்மா ஸ்பீக்கர போட்டா மறுபடி எங்கிட்டதானே வரும்?

ஃபெர்ரிக்காரன் பட்டர்வொர்த்:
வரும். அதுக்கு புளூமேன் டிவைஸ் லிஸ்ட்ல ஸ்பீக்கர் மேல ரைட் கிளிக் பண்ணி அன்ட்ரஸ்ட் குடு, அப்பறம் அது வந்து ஒட்டப் பாத்தா உன்ன கேட்டுட்டுதான் உள்ள விடும். லேப்டாப்ல அந்த ஸ்பீக்கர் தேவையே இல்லனா ரிமூவ் பண்ணிடு, எனக்கு கேட்டா அதான் சுத்தம்.

செந்தூல் பையன்:
ரிமூவே பண்ணிட்டேன்ணே. அது அம்மாவோடது, அவங்களே வச்சிக்கட்டும்.

ஜெலுத்தோங் மச்சான்:
நடுவுல பூந்ததுக்கு சாரி, நான் யூஸ் பண்றது கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப், புளூமேன் எல்லாம் இல்ல, எனக்கும் தானா ஆன் ஆவுது. அதே மெயின் டாட் கான்ஃப்தானா?

டெர்மினல் அக்கா:
ஒனக்கு ஃபைல் தொட வேணாம்பா. சிஸ்டம் செட்டிங்ஸ்ல புளூடூத் பக்கத்துக்குள்ள லாகின் ஆனதும் என்ன பண்ணணும்னு கேக்கும், ஆன் பண்ணவா, ஆஃப் பண்ணவா, முன்னாடி இருந்த மாதிரியே விடவான்னு. ஆஃப வச்சி பாரு, அதுக்கும் ஆவலனா ஆர்எஃப்கில் லிஸ்ட்ல என்ன வருதுன்னு இங்க போடு.