முதல் ஊசி யார் கையால் ஏறுகிறது? நெல்லைப் பக்கத்து அனுபவப் பகிர்வு

களப்பணியாளர், பாளையங்கோட்டை:

ஒரு பையன் ஊசிப் போதைக்குப் போய்விட்டான் என்றால் ஊர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "எவனோ வெளியூர்க்காரன் வந்து பழக்கிவிட்டுட்டான்." ஊசி போடுகிறவர்களை உட்காரவைத்து முதல் தடவையைப் பற்றிக் கேட்டால் வேறு சங்கதி வரும். முதல் ஊசியை அவன் தானாகப் போட்டுக்கொள்ளவில்லை, இன்னொருத்தன் போட்டுவிட்டான். போட்டுவிட்டவன் அந்நியன் இல்லை, சேக்காளி. ஒரே தெரு, ஒன்றிரண்டு வயது மூத்தவன், சில வீடுகளில் கூடப்பிறந்த அண்ணன். பெற்றோரால் நம்பமுடியாதது இன்னொன்று: பெரும்பாலும் யாரும் வற்புறுத்தவில்லை. இவன்தான் கேட்டிருக்கிறான். மறுத்தவனிடம் நாலு நாள் கெஞ்சியிருக்கிறான்.

கேட்கவைத்தது கண். மாத்திரை விழுங்குகிற, கஞ்சா இழுக்கிற ஐந்தாறு பேர் கூட்டத்தில் ஊசிக்காரர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். "எனக்கு ஊசின்னாலே ஆகாதுல" என்று தள்ளி உட்கார்ந்தவன், குளத்தங்கரையிலும் உடைமரத்துக்குள்ளும் பத்துத் தடவை பார்த்ததும் தள்ளி உட்காருவதை விட்டுவிடுவான். பயம் தேய்வது அப்படித்தான். அதன்மேல் பேச்சு விழும்: "முழுங்குறது வேஸ்ட்டு மக்கா, காசுக்குக் கேடு." இந்தக் காசுக் கணக்கு ஒரு பொய். உடம்பு சில வாரத்தில் ஊசிக்கும் பழகிப் போகும். மிச்சம் பிடித்ததாகச் சொன்ன காசைப்போல இரண்டு மடங்கு போகும். ஆனால் அந்த வாரங்களுக்குள் பழக்கம் பிடித்திருக்கும்.

இதனால்தான் தடுப்பு வேலையைப் புதுப்பையனிடம் மட்டும் செய்து பலன் இல்லை. கேட்கப்படுகிறவனிடம் போகவேண்டும், அதாவது ஏற்கெனவே ஊசி போடுகிறவனிடம். இங்கிலாந்தில் 1990-களின் கடைசியில் நீல் ஹன்ட்டும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைச் செய்து பார்த்தார்கள். ஊசி போடுகிறவரோடு தனியாக ஒரு பேச்சு, அவ்வளவுதான். சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு வைக்கவில்லை. ஆனாலும் பிறகு விசாரித்தபோது, புதியவர்கள் முன்னால் ஊசி போடுவதும் புதியவர்களுக்குப் போட்டுவிடுவதும் குறைந்திருந்தது. கனடாவிலும் பின்னால் இதைத் திருத்திப் பயன்படுத்தினார்கள்.

நம்மூரில் அந்தப் பேச்சை நடத்தும் வகை: முதலில் அவனுடைய முதல் ஊசி. யார் போட்டது, எங்கே வைத்து, அதற்குமுன் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தான். கதை முழுதும் வரட்டும். நடுவில் புத்திமதி சொன்னால் பேச்சு அதோடு சரி. அடுத்து, "ஒங்கிட்ட இதுவரைக்கும் எத்தன பேரு கேட்டிருக்கான்?" இங்கே ஒரு மௌனம் வரும், அவசரப்பட்டு அதை நிரப்பக்கூடாது. புதியவனுக்குப் போட்டுவிடுவது பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்காத காரியம். அந்த உறுத்தல் உள்ளே இருப்பதுதான், நாம் வெளியிலிருந்து கொண்டுபோக வேண்டியதில்லை. பிறகு, அவன் அறியாமல் செய்கிற விளம்பரங்களை அவனையே எண்ணச்சொல்வது: புதியவன் இருக்கும்போது போடுவது, கைத்தழும்பைக் காட்டுவது, ஊசி எப்படி இருக்கும் என்று வர்ணிப்பது, சிரிஞ்சை வண்டிக் கவரில் வெளியே தெரியச் செருகுவது.

கடைசியில் ஒத்திகை. நாம் புதுப்பையனாகி விடாமல் கெஞ்சவேண்டும், அவன் மறுக்கவேண்டும். "வேண்டாம்ல" என்பது இரண்டாவது கெஞ்சலுக்குத் தாங்காது. உறவைத் தொடுகிற பதில் தாங்கும்: "ஏலே, வேற என்ன வேணும்னாலும் கேளு. எங்கையால போடமாட்டேன். நாளைக்கு ஒங்க அம்மை மொகத்துல நான் முழிக்கணும்." அடுத்து வருவது எப்போதும் ஒரே மிரட்டல்தான்: "நீ போடலேன்னா நானே போட்டுக்கிடுவேன்." பலர் விழுவது இந்த இடத்தில். "தப்பாப் போட்டுச் செத்துரப் போறான், நாமளே பாத்துப் போடுவோம்" என்ற நல்லெண்ணம்தான் விழவைக்கிறது. இந்த மிரட்டலுக்கும் மறுப்பை மூன்று நான்கு தடவை சொல்லிப் பழகாமல் ஆளை அனுப்பக்கூடாது. ஒவ்வொரு மறுப்பும் நாளைத் தள்ளிப்போடும். அந்த நாட்களுக்குள் புதுப்பையனைப் பேச்சுக்குக் கூட்டிவர வழி இருக்கிறது.

மருந்தாளுநர், திருநெல்வேலி டவுண்:

அண்ணாச்சி சொன்னதோடு கடைப்பக்கத்துச் சமாச்சாரமும் சேரட்டும். இந்தப் பக்கம் ஊசியில் ஏறுவது பெரும்பாலும் விழுங்கச் செய்த வலி மாத்திரைதான். பெயரை எழுதவில்லை, கடைக்காரர்களுக்குத் தெரியும். அப்படி ஒன்றை 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்ததும் கூட்டம் இன்னொன்றுக்குத் தாவிவிட்டது.

மாத்திரையில் மருந்து கொஞ்சம்தான். மீதி மாவுச்சத்து, டால்க், செல்லுலோஸ். வயிற்றுக்குப் போனால் ஒன்றும் செய்யாது. ரத்தத்துக்குள் போனால் அது கரையாமல் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். தவறித் தமனியில் பட்டால் விரல் கறுத்து அழுகும். "துணியில வடிகட்டியாச்சு" என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத துகளைத் துணி நிறுத்தாது. "ஆஸ்பத்திரி மாத்திரைதானே, பொடி (ஹெராயின்) மாதிரி இல்லையே" என்கிற நினைப்பு புதியவனுக்குத் தைரியம் கொடுக்கிறது. அதை உடைக்க இந்த விவரத்தைவிட நல்ல ஆயுதம் இல்லை.

கவுண்டரில் ஆளை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. வெளியே மூன்று வண்டி நிற்கும், ஒருத்தன் மட்டும் உள்ளே வருவான். போனில் டாக்டர் சீட்டின் படம், தேதி மழுங்கியிருக்கும். விலை பேசமாட்டான். செய்யவேண்டியது, மூலச் சீட்டு இல்லாமல் கொடுக்காதது. கொடுத்தால் சீட்டிலேயே கடைப் பெயரும் தேதியும் எழுதி முத்திரை குத்துவது. சட்டம் சொல்வதும் அதுதான். குத்தாமல் விட்ட ஒரு சீட்டு வண்ணார்பேட்டையிலிருந்து பேட்டை வரைக்கும் ஒரே நாளில் ஏழெட்டுக் கடை ஏறிவரும். எச்1 பட்டியல் (கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியல்) மருந்துக்குத் தனிப்பதிவேடு, மூன்று வருஷம் பத்திரம்.

சந்தேகம் வந்தால் சிரிஞ்சும் கொடுப்பதில்லை என்று பல கடைகளில் வைத்திருக்கிறோம்.

செவிலியர், மேலப்பாளையம்:

தம்பி, மாத்திரையை மறுங்க, சிரிஞ்சை மறுக்காதீங்க. சிரிஞ்சு கிடைக்கவில்லை என்று ஊசி போடுகிறவன் வீட்டுக்குப் போகமாட்டான், பக்கத்தில் இருப்பவனுடையதை வாங்கிக்கொள்வான். புதுசாக வருகிறவனுக்குக் கூட்டத்தில் கடைசி முறைதான்; சொந்த ஊசியும் இருக்காது, போடவும் தெரியாது. ஆகவே முன்னால் போட்ட எல்லாருடைய ரத்தமும் அவனுக்கு வரும். முதல் நாளே தொற்று வாங்குவது இப்படித்தான். ஹெபடைடிஸ் சி கிருமி சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தண்ணீர் விட்டுக் கழுவினால் போகாது. ஊசி கொடுப்பதால் புதுசாக ஆள் சேருவதில்லை என்பதை ஊசி மாற்றும் திட்டங்கள் நடந்த பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தியாவிலும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தத் திட்டத்தை நடத்துகிறது.

பகிர்ந்தது தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு வரவேண்டும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 28 நாள், தொடங்குவது எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெச்.ஐ.வி. சோதனை அரசின் 'நம்பிக்கை மைய'த்தில் இலவசம். ஹெபடைடிஸ் சி இருந்தாலும் 2018-இல் தொடங்கிய தேசிய திட்டத்தில் மாத்திரை இலவசம், பெரும்பாலோருக்கு 12 வாரம். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி மூன்று தவணை.

மருந்தாளுநர், டவுண்:

சரிதான் அக்கா. கடைசி முறைன்னு சொன்னது இங்க யாருக்கும் தெரியாது. சங்கத்துல பேசவேண்டிய விஷயம்.

ஆசிரியர், வள்ளியூர் பக்கம்:

மாத்திரைப் பெயரை எழுதாமல் விட்டதற்கு நன்றி. பள்ளிகளில் நாமே செய்கிற முதல் தப்பு அதுதான். ஜூன் 26, ஆகஸ்ட் 11 என்று போதை எதிர்ப்பு நாள் வந்தால் ஒரு மணி நேரக் கூட்டம், திரையில் சிரிஞ்சுப் படம், மாத்திரைப் பட்டியல், திருந்தியவர் ஒருவரின் உருக்கமான பேச்சு. பயமுறுத்துவதும் ஒரேயொரு கூட்டமும் பலன் தருவதில்லை என்று உலக அளவிலான தடுப்பு நெறிகளே சொல்லிவிட்டன. பையன்கள் உருக்கத்தை மறந்துவிடுவார்கள், பட்டியலை மறக்கமாட்டார்கள்.

வேலை செய்வது சின்னது, சலிப்பானது. எட்டுப் பத்துப் பேராகப் பிரித்து, வருஷத்தில் பல வாரம், மறுக்கிற பேச்சைப் பழக்குவது. "எல்லாவனும் போடுதான் சார்" என்பதைக் கணக்கால் உடைக்கலாம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளிவந்த கணக்கெடுப்பில் நாடு முழுக்க ஊசி போடுகிறவர்கள் ஏறத்தாழ எட்டரை லட்சம். ஆயிரம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. வகுப்பில் ஒருவனும் போடாமலே இருக்கலாம் என்று பலகையில் வகுத்துக் காட்டினால் முகங்கள் மாறும்.

வழக்கறிஞர், பாளை:

சட்டம் சுருக்கமாக. 18 வயது ஆகாதவருக்குப் போதைப்பொருள் கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவு: ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். "அவனே கேட்டான்" என்பது எடுபடாது. களப்பணியாளர் நடத்துகிற பேச்சில் இதை மிரட்டலாக வைக்காமல், மறுப்பதற்கு ஒரு சாக்காகக் கொடுத்துவிடலாம்: "உள்ள போட்டுருவான்ல, போ." மறுபக்கம், சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கு வந்தவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் என்.டி.பி.எஸ். சட்டம் (போதைப்பொருள் சட்டம்) 64ஏ பிரிவு விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடும்.

களப்பணியாளர், பாளையங்கோட்டை:

விட்டுப்போனவை இரண்டு. ஒன்று காலம். கூட்டம் மாறும்போதுதான் ஆளும் மாறுவான்: ப்ளஸ் டூ முடித்துக் கல்லூரி சேராத மாதங்கள், கோயில் கொடைக்கு வெளியூரில் வேலை பார்க்கிற செட்டு ஊர் திரும்பும் பத்து நாள். இன்னொன்று ஜிம். உடம்பு ஏற்ற ஊசி போடுகிற இடத்தில் ஊசிக் கூச்சம் முதலிலேயே போய்விடுகிறது. பெற்றோர் "ஜிம்முக்குத்தானே போறான்" என்று நிம்மதியாக இருப்பார்கள். பெண்கள் விஷயத்தில் போட்டுவிடுகிற கை அநேகமாகக் கணவனுடையதோ காதலனுடையதோதான். அந்தப் பெண்கள் சிகிச்சை மையத்துக்கு வரமாட்டார்கள். அங்கே பேச்சை அந்த ஆணிடம்தான் நடத்தவேண்டியிருக்கிறது.

செவிலியர், மேலப்பாளையம்:

வீட்டில் அம்மாமார் கேட்பதற்கும் சேர்த்து. அக்னி நட்சத்திரத்திலும் முழுக்கைச் சட்டை, ஊசிமுனை மாதிரிச் சுருங்கின கண்மணி, நாள்கணக்கில் மலச்சிக்கல், காலி மாத்திரை அட்டை, சிரிஞ்சின் சின்ன ஆரஞ்சு மூடி. பார்த்ததும் அலமாரியைக் கொட்டாதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள். பையில் இருக்கிற காசைப் பிடுங்குவதும் வீட்டைவிட்டு விரட்டுவதும் அவனை அந்தக் கூட்டத்தோடு ஒட்டவைக்கும்.

ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், தயக்கமாக இருந்தால் முதலில் போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் பேசுங்கள். போதைக்குப் பதிலாக மருத்துவர் கொடுக்கிற, நாக்கடியில் கரைகிற புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரை உண்டு. கடைசிப் போதை இறங்கி உடம்பு முறுக்கத் தொடங்கியபின்தான் அதைத் தருவார்கள். முன்னால் தந்தால் வேதனை திடீரென்று ஏறும். "காலையில வாங்கன்னு சொல்லிட்டு மத்தியானம் வரைக்கும் காக்கவைக்காங்க" என்று கோபித்துத் திரும்பிவிடாதீர்கள், காரணம் அதுதான். நிலையான சிகிச்சையில் இருப்பவர்கள் மற்றவர்களுக்குப் போட்டுவிடுவதும் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒருவனைச் சிகிச்சையில் வைத்திருப்பது அவன் தெருவுக்கே தடுப்பு.

மறுவாழ்வு மையத்திலிருந்தோ பாளை சிறையிலிருந்தோ வந்த முதல் இரண்டு வாரம் ரொம்ப ஆபத்து. தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுபோகும். உதடு நீலம், கரகரவென்று குறட்டை, எழுப்பினால் எழாமல் இருந்தால் 108. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், நின்றிருந்தால் ஐந்து நொடிக்கு ஒன்றாக வாய்வழி மூச்சு கொடுங்கள். மோர், உப்புத் தண்ணீர், குளிர்ந்த நீர் எதுவும் வேண்டாம். மருத்துவமனையில் நலாக்ஸோன் என்ற போதைமுறி மருந்து போட்டதும் எழுந்து உட்காருவான், அது 30 முதல் 90 நிமிஷத்தில் இறங்கிவிடும், மூச்சு மறுபடி நிற்கலாம். "நல்லாத்தானே இருக்கான்" என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகாதீர்கள். கூட இருந்த பையன்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு: ஓடுவதாக இருந்தால்கூட, காலி அட்டையை 108-காரர் கையில் கொடுத்துவிட்டு ஓடுங்கள்.